தாடைக்குள் வைத்த சவ்வு

“மாட்டுத் தோலையா என் வாய்க்குள்ள வச்சுத் தச்சீக?”

ராஜபாளையத்துப் பல் ஆஸ்பத்திரியில் பாண்டிதுரை போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். பல் விழுந்த இடத்தில் எலும்பு வளர்வதற்காக ஆறு மாதத்துக்கு முன் வைத்த சவ்வு எதிலிருந்து வந்தது என்று, அவர் ஊரான சுந்தரபாண்டியத்தில் யாரோ இன்றைக்குத்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

இதுவரை முகக்கவசத்தோடு மட்டுமே அவர் பார்த்திருந்த டாக்டரம்மா அசரவில்லை. “கையெழுத்துப் போட்ட தாள்லயே தமிழ்ல இருக்கு. நீங்க வாசிக்கல.”

“இப்பவே பிடுங்கி எடு!”

“முடியாது. கரைஞ்சு போச்சு. உங்க உடம்பு அதை வேத்தாளா நினைக்கல.” எக்ஸ்ரே படத்தை அவர் முன்னால் நீட்டினாள். “இது பூராவும் இப்ப உங்க எலும்புதான்.”

பாண்டிதுரை படத்தைத் தள்ளிவிட்டார்.

“குலம் கோத்திரம் பாக்குற குடும்பம் எங்களது. கண்டதையும் உள்ள சேத்திருக்கியே, யாரு வீட்டுப் பொண்ணு நீ?”

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

“உங்க வீட்டு மருமக. கீழ்ச்சாதிக்காரியக் கட்டிட்டான்னு, என் முகத்தைக்கூடப் பாக்காம உங்க மகன் கௌதம்ராஜைத் தலைமுழுகுனீங்கல்ல, அந்தக் கீழ்ச்சாதிக்காரி நான்தான்.”

அவள் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

“வாயைத் திறங்க மாமா, பல்லு வைக்கணும்.”