மனம் நோகாத செய்தி

சுபாஷிணி வடிவமைத்த தொலைக்காட்சிச் செய்தி அரங்கு, பார்க்கிற வீட்டுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும். பின்னணிக் காட்சி, வெளிச்சம், பேசுபவரின் முகம், குரல், சொற்கள் எல்லாமே மாறும். இதய நோயாளி இருக்கும் வீட்டுக்கு எப்பேர்ப்பட்ட கெட்ட செய்தியும் இதமாகத்தான் போய்ச் சேரும். இரண்டு முறை மாரடைப்பு கண்ட அப்பா தணிகாசலத்தை நினைத்துத்தான் அவள் அந்த வசதியைச் சேர்த்தாள்.

அன்று மதியம், அப்பா குடியிருந்த ஊரின் ஏரிக்கரை உடைந்தது. அவள் பதறிப்போய் அழைத்தாள்.

"அப்பா, ஏரி உடைஞ்சிடுச்சு. உடனே கிளம்புங்க!"

"நானும் நியூஸ்தாம்மா பாத்துட்டு இருக்கேன். கரை கல்லு மாதிரி நிக்குது. எவனோ புரளி கிளப்புறான்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன்பின் எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை.

அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்த வழியில்லை. யாரும் கை வைக்க முடியாதபடி அவளே பூட்டியிருந்தாள். நேரலை நடந்துகொண்டிருந்த அரங்குக்குள் ஓடினாள். கேமரா முன் நின்று, "அப்பா, ஓடிடுங்கப்பா!" என்று கதறி அழுதாள்.

சற்றைக்கெல்லாம் அப்பாவே அழைத்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"டிவியில பாத்தேம்மா! என்னமா சிரிச்சுக்கிட்டே பேசுற! எதிர்வீட்டுக்காரங்க புள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. என் பொண்ணே டிவியில வந்து பயப்பட ஒண்ணுமில்லங்கிறா, பேசாம இருங்கன்னு உக்கார வச்சுட்டேன்."

"அப்பா..." என்று அவள் வாயெடுப்பதற்குள் இணைப்பு அறுந்துபோனது.