துறைக்குக் கட்டிய கயிறு

கனகசிங்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாவியை நோக்கி நடந்தார்.

உச்சி வெயில். இரவெல்லாம் வலை வீசியவர்கள் உறங்கும் நேரம். துறையில் ஆள் இருக்காது. மனைவி இலட்சுமிப்பிள்ளையும் இறால் உரிக்கப் போயிருந்தாள். காலையில் அவள் படலையைச் சாத்திய சத்தம் அவருக்குக் கேட்டது.

அவள் வீட்டில் இல்லாத நேரமாக இருக்கட்டும் என்பதுதான் கோயில் அம்மாளிடம் அவர் கடைசியாகக் கேட்டது. தனக்கென்று வேறொன்றும் கேட்கவில்லை.

இன்றைய மருந்துக் குளிசைகளைப் போடவில்லை. சாப்பிட்ட கோப்பையைத் தடவித் தடவிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தார். அந்த வேலையாவது அவளுக்கு மிஞ்சக்கூடாது.

இரத்தத்தில் சீனி ஏறும் வருத்தம் முதலில் இடக் கண்ணை எடுத்தது. அடுத்த மாரிக்குள் வலக் கண்ணையும் எடுத்தது. தோணியை விற்றார்கள். பிறகுதான் அவள் அசனார் முதலாளியின் மீன்வாடிக்கு இறால் உரிக்கப் போகத் தொடங்கினாள். விரல் நுனிகள் வெடித்துப்போயின. அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கோப்பையை நீட்டும்போது கை பட்டால் தெரிந்துவிடும்.

தான் இல்லாவிட்டால் அவள் வெல்லாவெளியில் தன் தங்கச்சி வீட்டோடு போய் இருப்பாள். விரல்களாவது ஆறும்.

கயிறு, பார்வையற்றோர் சங்கம் கட்டித் தந்தது. சங்கத்திலிருந்து வரும் அன்னப்பூரணி என்ற பிள்ளை கம்புகளை நட்டு, இடுப்பு உயரத்தில் நைலோன் கயிறு இழுத்தாள். வாசலிலிருந்து கிணற்றடிக்கு ஒன்று, மலசலகூடத்துக்கு ஒன்று.

"இறுக்கிப் பிடிக்காதீங்க ஐயா. விரலால தொட்டுக்கொண்டு வாங்க. போற இடத்த கயிறே சொல்லும்."

"உன்ட கயிறு கதைக்கவும் கதைக்குமோ?"

"நான் இல்லாத நேரம் கதைக்கும்" என்று சிரித்தாள். பிறகு, இன்னும் எங்கே வேண்டும் என்று கேட்டாள்.

அவர், துறைக்கு என்றார்.

சங்கத்தில் ஒரு விதி இருந்தது. கயிறு எங்கே போகவேண்டும் என்பதைக் கண் தெரியாதவர்தான் சொல்லவேண்டும். வீட்டார் சொல்லக்கூடாது. சங்கம் காரணம் கேட்கக்கூடாது.

அவள் கேட்கவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் நின்றுபோனது. துறை வரைக்கும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது அந்தக் கயிற்றில்தான் விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. வாவிக் கரையோரக் கண்ணாப் பற்றையின் சேற்று வாடை வந்தது. பாதத்தின் கீழ் மணல் சூடு தணிந்து ஈரமானது.

கை ஒரு நனைந்த துணியில் முட்டியது.

முந்தாநாளும் இப்படித்தான். நேற்றும் இப்படித்தான். ஈரத் துணிகள் வழியை மறித்துத் தொங்கின. காயப் போட்ட யாரோ ஒருத்தி பக்கத்தில் நிற்பாளோ என்ற பயத்தில் அவர் திரும்பிவிட்டார்.

இன்று திரும்பவில்லை. துணிகளை விலக்கிக்கொண்டு நடந்தார். ஒரு சாரம். ஒரு படுக்கை விரிப்பு. தலையணை உறை. தண்ணீர் முகத்தில் அறைந்தது. அப்பால் சிற்றலைகள் கரையைத் தட்டும் சத்தம். இன்னும் கொஞ்சம்தான்.

"பாத்து. இப்பதான் போட்டது. சேறாக்கிப்போடாதீங்க."

இலட்சுமிப்பிள்ளையின் குரல்.

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "நீ வேலைக்குப் போகல்லயா?"

"நான் போனா உங்கட ஊத்தையெல்லாம் ஆர் தோய்க்கிற?"

"கொடி கட்ட உனக்கு வேற இடமே கிடைக்கல்லயா? கயித்தில ஒரு துணித்துண்டும் போடக்கூடாதெண்டு அந்தப் புள்ள எத்தின தரம் சொன்னது. வந்து பாத்தா ஏசும்."

"ஏசும் ஏசும். இந்தக் கிளிப்பெல்லாம் ஆர் தந்தது? அந்தப் புள்ளதான். நேத்து ஸ்கூட்டிய ரோட்டு முடக்கில நிப்பாட்டிப்போட்டு, சத்தமில்லாம வந்து தந்தது. இடைவெளி விடாம நெருக்கிப் போடுங்கம்மா எண்டு சொல்லிப்போட்டுப் போகுது."

அவருடைய கை கயிற்றில் அப்படியே நின்றது.

ஒரு கிளிப்பைத் தடவினார். பக்கத்திலேயே இன்னொன்று. அதை ஒட்டி இன்னொன்று. எல்லாம் புதியவை. அழுத்தினால் விரலைக் கடித்தன.

"நிண்டு யோசிக்காம இந்தத் தலைப்பப் புடிங்க. தனிய முறுக்க ஏலாம நிக்கிறன்."

நனைந்த சேலை ஒன்றின் ஓரம் அவர் கைக்குள் வந்தது. கொடுத்த கையில் சவர்க்கார வாசம் மட்டும் இருந்தது. இறால் வாடை இல்லை. இரண்டு நாளாக வெறும் கஞ்சியே வந்தது ஏனென்று இப்போது விளங்கியது. காலையில் படலையைச் சாத்திவிட்டு அவள் எங்கும் போகவில்லை.

அவள் ஒரு பக்கமாக முறுக்கினாள். அவர் மறுபக்கமாக முறுக்கினார். தண்ணீர் இருவருடைய கால்களிலும் கொட்டியது.

"விட்டுப்போடாதீங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் மட்டும் குரல் உடைந்தது.

அவர் விடவில்லை.

சேலை கனத்தது. அதன் கரைச் சரிகை உள்ளங்கையை அறுத்தது. சவர்க்கார வாசத்துக்கு அடியில் பூச்சி உருண்டை மணத்தது.

றங்குப்பெட்டியின் அடியில் வெள்ளைத் துணி சுற்றி வைத்திருந்த கூறைச் சேலை. கல்யாணத்தன்று உடுத்தது. அதற்குப் பிறகு அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட அவள் விட்டதில்லை.

வீட்டில் தோய்ப்பதற்கு வேறு துணி மிஞ்சியிருக்கவில்லை.