தலையாட்டிய கை

கால் எலும்பு முறிந்து வீட்டில் கிடந்த தாமோதரன், தொழிற்சாலையின் வெல்டிங் ரோபோவை லேப்டாப்பிலிருந்தே மேய்த்துக்கொண்டிருந்தார். ரோபோ என்றால் ஒற்றைக் கைதான். அது நிற்கும் பிரிவில்தான் அவர் மனைவி செண்பகத்துக்கும் வேலை. மீன் குழம்பில் உப்புத் தூக்கல் என்று அவர் வாய்தவறிச் சொன்னதிலிருந்து மூன்று நாளாக அவள் பேசவில்லை. தூது சொல்ல வீட்டில் பிள்ளை குட்டியும் கிடையாது.

நான்காம் நாள் சாப்பாட்டு இடைவேளையில், ஓய்ந்து நின்ற கையின் கம்பிவேலிக்கு வெளியே வந்து நின்றாள் செண்பகம்.

"உங்க சார்கிட்டக் கேளு, மாத்திரை போட்டாரான்னு."

ரோபோவின் கேமரா வழியே திரையில் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த தாமோதரனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இரண்டு பொத்தானைத் தட்டிக் கையை மேலும் கீழுமாக ஆட்டி 'ஆமாம்' சொல்லவைத்தார். மாத்திரை உறையோடு மேசைமேல் கிடந்தது.

கை சற்று யோசித்தது. அது வெல்டிங் பழகியதே தவிர பொய் பழகியதில்லை. அவர் எதையும் தொடாமலே இடமும் வலமுமாக ஆடியது.

"அதானே பாத்தேன்" என்றாள் செண்பகம்.

எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தார். கை மசியவில்லை. வேறு வழியின்றி மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். அது தொண்டையில் இறங்கிய பிறகே கை ஒருமுறை மேலும் கீழுமாக அசைந்து, தன் இடத்துக்குத் திரும்பியது.

போன் அடித்தது.

"இனிமே உங்ககிட்ட ஒண்ணும் கேக்கப்போறதில்ல. எல்லாம் அவன்கிட்டயே கேட்டுக்கிறேன்" என்றாள் செண்பகம்.

சொல்லிவிட்டும் போனை வைக்கவில்லை.