இருபத்து மூன்றாவது பெண்

இத்தாலியில் ராவென்னா நகரத்துப் பழைய தேவாலயச் சுவரில் இருக்கும் படத்தை, ஒரு ஹோட்டலுக்காக ஜூஜுவாடிப் பட்டறையில் கண்ணாடிச் சில்லுகளால் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தானையால் மூடிய கைகளில் கிரீடம் ஏந்தி, இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக நடக்கும் படம்.

ஒருநாள் காலையில் வினோதா எண்ணியபோது இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். கடைசியில் நின்றவளை உளியால் பெயர்த்தெடுத்தாள். மறுநாளும் அவள் அங்கேயே நின்றாள். மறுபடியும் பெயர்த்தாள்.

ஐந்தாம் நாள் சூப்பர்வைசர் சுரேந்தர், "நாளைக்கு லோடு போவணும்" என்றார்.

"நீயா நானான்னு பாத்துடறேன்" என்று படத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டு, பெயர்த்த சில்லுகளைத் துணியில் முடிந்து கேட்டுக்கு வெளியே புதைத்தாள் வினோதா.

மறுநாள் சரியாக இருபத்திரண்டு பேர். படம் லாரி ஏறியது.

சாயங்காலம் பெண்கள் கேட்டருகே கம்பெனி வேனுக்கு வரிசையில் நின்றார்கள். டிரைவர் திம்மராயன் தலைகளை எண்ணினார்.

"தெனமும் பன்னண்டு பேருதான? இன்னிக்கு பதிமூணு வருது."

வினோதா திரும்பிப் பார்க்கவில்லை. "ஏறட்டும்ணா. படத்துக்குள்ள திரும்பிப் போகாம இருந்தாச் சரி."

வேனில் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளின் கைகள் முந்தானையால் மூடியிருந்தன.