மேஜை மேல் மலைப்பாதை

சர்க்கரை டப்பாவை மலை என்று வைத்தார் டிரைவிங் மாஸ்டர். உப்பு ஜாடி வெந்நீர் ஊற்று. இரண்டுக்கும் நடுவே விரித்த வரைபடத்தின் மேல், டிரைவிங் ஸ்கூலில் பார்க்கிங் சொல்லிக்கொடுக்க வைத்திருக்கும் சிவப்புப் பொம்மைக் கார், எல் போர்டு சகிதம் தயாராக நின்றது.

எதிரே மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

இது இன்று நேற்றுப் போட்ட திட்டம் அல்ல. கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்கு. முதலில் மழை வரும்போல இருந்தது. பிறகு டயர் சரியில்லை. அப்புறம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டார்கள், மாஸ்டர் இன்னும் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அலை ஓய்ந்த பிறகு கடலாடலாம் என்று தோளில் துண்டோடு கரையில் நிற்கிற ஆசாமி.

ஆனால் கெட்ட மனிதர் இல்லை. மனைவியின் முழங்கால் வலிக்கு அந்த ஊற்று நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்கு ஒரே தவிப்பு. தன் கையால் வண்டி ஓட்டிப் போய் அவளை அங்கே இறக்கிவிட வேண்டும். இன்று அவள் வாயிலிருந்து ஒரு "சரி, போகலாம்" வாங்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தார்.

இத்தனைக்கும், போன மாதம் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு வலி குறைந்திருந்தது. மாடிப்படி ஏறுகிறாள், "ஐயோ அம்மா" என்ற சத்தமே இல்லை. எல்லாம் மாஸ்டர் வாங்கிக் கொடுத்தனுப்பிய தைலத்தின் மகிமை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தத் தைலத்தின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார் புறப்பட்டது.

விரல் காரைத் தள்ள, மேஜைக்கடியில் மாஸ்டரின் வலது கால் தரையை அமுக்கியது. பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த கால். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் பக்கத்து பிரேக்கை அமுக்கி அமுக்கியே பழகிவிட்டது. இப்போதெல்லாம் பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தாலும் அமுக்குகிறது.

மனைவிக்கு மட்டும் அவர் கற்றுக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும் என்பது அவர் கொள்கை.

"பாலத்துக்கிட்ட நிறுத்தி இன்ஜினை ஆற விடுவோம்" என்றார்.

"அங்க நிறுத்த இடம் இல்லைங்க. அடுத்த வளைவு தாண்டினா ஒரு மரத்தடி இருக்கு."

மாஸ்டர் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். மரம் எதுவும் போட்டிருக்கவில்லை. கொழுந்தியாள் சொல்லியிருப்பாள். கார் வாங்கியதிலிருந்து அந்தப் பெண் சுற்றாத இடமில்லை, பேசாத பேச்சில்லை.

அடுத்து, மலை மேல் ஏறிப் போகும் ஒற்றையடிப் பாதை. மாஸ்டர் இரண்டு பட்டாணியை எடுத்து ஒன்றை அடிவாரத்தில் வைத்தார், இன்னொன்றைச் சர்க்கரை டப்பாவின் மூடி மேல் வைத்தார்.

"நீ கீழேயே உக்காந்துக்கோ. நான் ஏறிப் பார்த்துட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன்."

அவள் மூடி மேலிருந்த பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பிறகு கொண்டை ஊசி வளைவுகள். மாஸ்டருக்குக் குஷி வந்துவிட்டது. காரை வளைத்துத் திருப்பிய வேகத்தில் முழங்கை பட்டுப் பென்சில் உருண்டு விழுந்தது. மேலே கை காரைத் தள்ளிக்கொண்டே இருக்க, பென்சிலைத் தேடி மேஜைக்கடியில் குனிந்தார்.

தன் வலது கால் அமுங்கியிருந்தது. அது பழைய கதை.

எதிரே மனைவியின் இடது காலும் அமுங்கியிருந்தது. மேலே கார் மேடேறத் திரும்பியபோது, அந்தக் கால் மெதுவாக எழும்பி, பாதியில் நின்று, அப்புறம்தான் மிச்சமும் எழும்பியது.

ஆஃப் கிளட்ச். கிளட்சிலிருந்து இடது காலைப் பாதி மட்டும் எடுத்து, மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கிற வித்தை. ஒருவருக்கு அதை வரவழைப்பதற்குள் மாஸ்டருக்கு உயிர் போய் உயிர் வரும். யாரோ சொல்லக் கேட்டெல்லாம் அது வராது. மலை ஏறி இறங்கிய காலுக்குத்தான் வரும்.

பாலம், மரத்தடி, மாடிப்படி, தைலம். குனிந்த தலை நிமிராமலே எல்லாம் அவருக்கு விளங்கிற்று. தன்னை விட்டுவிட்டுப் போனாளே என்பது ஒரு வருத்தம். எந்த ஸ்கூலில் கற்றுக்கொண்டாள் என்பது அதைவிடப் பெரிய வருத்தம்.

"பென்சில் கிடைச்சுதா?" மேலே அவள் குரல். பட்டாணி உரிக்கிற சத்தம் நிற்கவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க டயரைப் பார்க்கப் போயிருப்பீங்க. ஞாயித்துக்கிழமை மறுபடியும் அந்த ஊத்துக்குப் போறோம், நீங்களும் வாங்களேன். முன்னால என் பக்கத்துல தங்கச்சி உக்காருவா. பின் சீட்டு காலியாத்தான் இருக்கு."

மாஸ்டர் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் அந்தக் காலுக்கு ஒரு வேலையும் கிடையாது.

"சரி, போகலாம்" என்றார், மேஜைக்கடியிலிருந்தே.