மேல்வீட்டுச் சத்தம்

வீட்டுச் சாவி பத்திரமாக இருக்கட்டும் என்று நர்சம்மா அதை சூட்கேசின் அடியில் வைத்திருந்தார். அந்த சூட்கேஸ்தான் ஊர் வந்து சேரவில்லை.

முப்பத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மோதிரம், கண்ணாடி, பல்செட் வரைக்கும் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்தியவர். தன் சாவி விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டார்.

ரிட்டையர் ஆன பிறகு ஒரே ஒரு வெளிநாடாவது பார்த்துவிட வேண்டும் என்று பத்து நாள் டூரில் சேர்ந்து போயிருந்தார். கூட வந்தவர்கள் எல்லோரும் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். அவர்களுக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்ததுதான் மிச்சம். இவர் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை.

திரும்பும்போது முதல் விமானம் நாலு மணி நேரம் தாமதம். அதனால் அடுத்த விமானம் போய்விட்டது. முன்பின் தெரியாத ஏர்போர்ட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி, கழுத்து பிடித்துக்கொண்டு, ஒருவழியாக ஊர் வந்து இறங்கினால் பெட்டியைக் காணோம்.

கவுண்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் ஒரு கட்டம். தம்பி இருந்தவரை அந்த இடத்தில் தம்பி பெயரை எழுதுவார். இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்.

டாக்சியில் வரும்போது அந்தக் கோடுதான் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. நாளைக்கே நமக்கு ஒன்று ஆகிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

பூட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கலாம் என்று நினைத்து மாடி ஏறியவர், வாசலில் அப்படியே நின்றுவிட்டார். கதவில் புத்தம்புதுப் பூட்டு. பழைய பூட்டு இருந்த இடத்தில் மரம் சிதைந்து போயிருந்தது.

எதிர்வீட்டுப் பெண் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னாள். நாலாம் நாளே கீழ்வீட்டு வாட்ச் ரிப்பேர்காரர் பூட்டுக்காரனைக் கூட்டி வந்து உடைத்துவிட்டாராம். சாட்சிக்கு குடியிருப்பு செகரட்டரியையும் வைத்துக்கொண்டாராம்.

நர்சம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. போயும் போயும் அந்த மனுஷனா?

அவருக்கும் இவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. காலையில் இவர் எழுந்து நாலு அடி வைக்கக்கூடாது, கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் டொக் டொக் என்று இரண்டு தட்டு.

ஆரம்பத்தில் எப்போதாவதுதான் தட்டுவார். எதற்கு வம்பு என்று நர்சம்மா டக் டக்கென்று சத்தம் போடும் டியூட்டி செருப்பை விட்டுவிட்டு ரப்பர் செருப்புக்கு மாறினார். தட்டுவது அதிகமானது. துணிச் செருப்பு வாங்கிப் பூனை மாதிரி நடந்தார். வாட்ச்காரர் தினமும் தட்ட ஆரம்பித்தார். சத்தம் குறையக் குறைய அந்த ஆளுக்குக் காது நீண்டுகொண்டே போகிறது என்று நர்சம்மா நினைத்துக்கொண்டார்.

இவரும் சும்மா விடுவதில்லை. குதிகாலால் தரையில் ஓங்கி இரண்டு மிதி மிதிப்பார். அதோடு கீழே கப்சிப்.

இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கிப் போய் பெல்லை அழுத்தினார்.

வாட்ச்காரர் நெற்றியில் லென்சோடு கதவைத் திறந்தார். நர்சம்மாவை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் ஒரு சாவியைக் கொண்டு வந்தார். அதில் சின்னச் சீட்டு கட்டி, 'மேல்வீடு' என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது.

"யாரைக் கேட்டு என் வீட்டுப் பூட்டை உடைச்சீங்க?"

"இழுத்துச் சாத்தினா தானே பூட்டிக்கிற கதவு, சிஸ்டர். உள்ளே ஆள் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? மூணு நாள் பெல் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் உடைச்சோம். மேஜை மேல டூர் நோட்டீசைப் பார்த்தப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா?"

நர்சம்மா அதை நம்பத் தயாராக இல்லை. "நான் இல்லாம நிம்மதியாத்தானே இருந்திருப்பீங்க? நான் நடந்தாலே உங்களுக்கு ஆகாது. துணிச் செருப்பு போட்டு நடந்தாக்கூட தினமும் தட்டினவர்தானே நீங்க?"

வாட்ச்காரர் புரியாமல் பார்த்தார். "நீங்களும்தான் உடனே ரெண்டு தட்டு தட்டி பதில் சொல்வீங்களே. அதைக் கேட்ட பிறகுதான் நான் என் வேலையைப் பார்க்கவே உட்காருவேன்."

"பதிலா?"

"முன்னெல்லாம் ஆறு மணிக்கு உங்க செருப்புச் சத்தம் கேட்டுடும். நீங்க எழுந்திரிக்க லேட்டானா மட்டும்தான் தட்டுவேன். அப்புறம் என்னமோ, சத்தமே கேட்கறதில்லை. தனியா இருக்கறவங்களாச்சேன்னு பயமா இருக்கும்."

அவர் லென்சைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருஷம் வாட்ச் பார்த்தவன் நான். ஓடிக்கிட்டிருக்கறதை யாராவது தட்டுவாங்களா, சிஸ்டர்? நின்னுடுச்சோன்னு சந்தேகம் வந்தாத்தான் தட்டிப் பார்ப்போம்."

நர்சம்மா சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனார். கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய டியூட்டி செருப்பைத் தேடி எடுத்து மாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கும் சமையலறைக்குமாக டக் டக்கென்று நாலு தடவை நடந்தார்.

கீழேயிருந்து ஒரு தட்டுகூட வரவில்லை.