இரண்டு இருபதுக்குள்

புள்ளி தெரிந்தது.

பள்ளிவாசல் மினாருக்கு இடப்பக்கம், கடுகைவிடச் சின்னதாக. துளசி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். அது ஒரு கர்ணம் போட்டு நிமிர்ந்தது. சந்தேகமே இல்லை. மஸ்தான் பாயின் சாம்பல் புறாதான்.

அவர் வாயைத் திறக்கவில்லை.

கைக்கடிகாரத்தில் மணி இரண்டு பதினேழு.

பந்தயத்தில் எந்தப் புறா கடைசியில் இறங்குகிறதோ அதுதான் ஜெயிக்கும். ஆனால் மணிக்கொரு தரமாவது அது அம்பயர் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் அவுட். பாயின் புறா கடைசியாகப் பட்டது ஒன்று இருபதுக்கு.

துளசியின் சொந்தப் புறா இரண்டு பத்துக்கு இறங்கியதாகப் போன் வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு ஏறியது. அவர் வளர்த்ததில் எதுவும் இவ்வளவு நேரம் வானத்தில் நின்றதில்லை.

இன்னும் மூன்று நிமிஷம் சும்மா இருந்தால் போதும். பதினொரு வருஷமாகப் பாய் வீட்டு அலமாரியில் குந்தியிருக்கும் கோப்பை இவர் வீட்டுக்கு வந்துவிடும்.

முட்டி தேய்ந்துபோச்சு. அடுத்த வருஷம் மாடிப்படி ஏற முடியாது.

எதிராளி மாடியில் எதிராளியே அம்பயரா என்று சங்கத்தில் எல்லோரும் கேட்டார்கள். எவனையும் நம்பமாட்டேன், நானேதான் உட்காருவேன் என்று அடம்பிடித்தது இவர். இத்தனை வருஷமும் இந்த மாடியில் உட்கார்ந்தவனெல்லாம் பாய் வீட்டுப் பிரியாணிக்கு விலைபோனவன் என்பது அவர் முடிவு.

பாய் மட்டும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அந்தச் சரிதான் இன்னும் பிடிபடவில்லை.

காலையில், வேறு புறாவை மாற்றிவிடாதபடி கூண்டுக்குத் தன் பூட்டைப் போட்டார். அதற்கும் சரி என்றார் பாய். இவர் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது பாய் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். மினார் பக்கம் திரும்பவே இல்லை.

நடிப்பா? பார்த்துவிட்டு, இவன் சொல்கிறானா என்று ஆழம் பார்க்கிறாரா?

இரண்டு பதினெட்டு.

"இன்னா துளசி, எதுனா தெர்தா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

அவர் கை மினார் பக்கம் நீண்டிருந்தது.

பாய் அந்தக் கை போன திக்கில் அண்ணாந்தார். தலையாட்டினார்.

"ஆமாமா. அதான்."

பாய் பார்த்த இடத்தில் புறா இல்லை. கேபிள் ஒயர்தான் தொங்கியது.

துளசி முதல் தடவையாகப் பாயின் கண்ணைப் பார்த்தார். இரண்டிலும் பால் விழுந்ததுபோல் வெளுப்பு. ஒரு நாளில் வந்த வெளுப்பில்லை அது.

அப்படியானால் இத்தனை வருஷம் இந்த மாடியிலிருந்து புறாவைப் பார்த்தது யார்?

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. ஏன் ஒருத்தனும் சொல்லவில்லை?

நோட்டில் கோணல்மாணலாக எழுதினார். இரண்டு பத்தொன்பது. பார்த்தேன்.

தோற்றாச்சு. வயிறு எரிய வேண்டும். எரிகிறதா என்று காத்திருந்தார்.

புள்ளி பெரிதாகிக்கொண்டு வந்தது. தாழ்கிறது.

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"எறங்கிடாதடா," என்றார், பாய் காதில் விழாதபடி.